விடுப்பு விண்ணப்பம் கற்பிக்கும் வித்தை

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சையின் முடிவுகள் வெளிவரும் காலத்தில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் உபாத்தியாயர்களைத் தேடி வருவது, மொரப்பூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ஆண்டுதோறும் நடக்கும் சங்கதி. முன்னெல்லாம் "என்ன படிக்க வைக்கலாம்?" என்று பொதுவாகக் கேட்பார்கள். இப்பொழுது கேள்வி நுணுக்கமாகிவிட்டது. இன்ன கம்ப்யூட்டர் பாஷை, இன்ன சர்வர், இன்ன பயிற்சி நிலையம், இவ்வளவு கட்டணம் என்று துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டே வருகிறார்கள். அவ்வாறு குறித்து வந்த பெயர்களுள் ஒன்று 'டாமினோ' என்பது. பெரிய ஸ்தாபனங்களில் பலர் கூடி வேலை செய்வதற்கென்றே ஏற்பட்ட சர்வர் அது. அதன்மேல் வலைச் செயலிகளைக் கட்டும் வித்தையைப் பிள்ளைக்குக் கற்பிக்கலாமா, அதற்காகப் பணம் செலவழிப்பது தகுமா என்பதே கேள்வி.

கேள்வி சிறியது. ஆயினும் அதற்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஒரு பிள்ளையின் இரண்டு மூன்று வருஷ வாழ்வும் அடங்கியிருக்கின்றன. ஆகையால் ஒரே சொல்லில் விடை சொல்லி அனுப்பிவிடுவது முறையாகாது. அவ்வித்தை இன்னதென்பதை முதலில் நேயர்களுக்கு விளக்கிவிட்டு, அதன் பிறகு நம் கருத்தைச் சொல்லுவோம்.

சர்வர் என்பது யார்?

'சர்வர்' என்றதும் நம்மவர்க்கு நினைவில் வருபவர் ஹோட்டலில் மேஜையருகே வந்து நிற்பவர்தாம். என்ன இருக்கிறதென்று கேட்டால் ஒரே மூச்சில் ஒப்பித்து, நாம் கேட்டதை உள்ளேயிருந்து கொண்டுவந்து இலையில் வைப்பவர். கம்ப்யூட்டர் உலகத்துச் சர்வரும் ஏறக்குறைய அதே உத்தியோகத்தைத்தான் பார்க்கிறது. உலாவியில் நாம் ஒரு முகவரியை இடுகிறோம், அது கேட்பது. உடனே ஒரு பக்கம் திரையில் வந்து நிற்கிறது; அது பரிமாறுவது.

சாதாரண வலைச் சர்வர் பரிமாறுவதோடு நின்றுவிடும். சரக்கறை வேறிடம், சமையலறை வேறிடம், வாயிற்காவல் வேறிடம். டாமினோவோ இவற்றையெல்லாம் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டிருக்கிறது. தகவலைச் சேமித்து வைப்பதும், வந்த ஆள் இன்னார் என்று கண்டுகொள்வதும், மின்னஞ்சலைக் கொண்டு சேர்ப்பதும், கேட்ட பக்கத்தை ஆக்கிக் கொடுப்பதும் எல்லாம் அதன் வேலைகளே. இதனால் புதிதாகக் கற்பவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு செயலியின் அங்கங்கள் அத்தனையையும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

அதன் பூர்வ கதையும் கேட்கத் தக்கதே. 1973-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், 'பிளேட்டோ' என்னும் கல்விக் கணினியில், டேவிட் வூலி என்ற பதினேழு வயது வாலிபர் 'பிளேட்டோ நோட்ஸ்' என்றொரு பொதுக் குறிப்பேட்டை அமைத்தார். கணினியில் கண்ட குறைகளை ஒருவர் எழுதி வைக்க, மற்றவர் அதன் கீழே மறுமொழி எழுதலாம். அப்பல்கலைக்கழகத்தில் பயின்ற ரே ஓஸி என்பவர் அதன் பயனைக் கண்கூடாகக் கண்டவர். அவர் 1984-இல் நண்பர்களோடு சேர்ந்து 'ஐரிஸ் அஸோஸியேட்ஸ்' என்ற கம்பெனியைத் தொடங்கினார். லோட்டஸ் என்ற கம்பெனி பொருளுதவி செய்தது. 1989 டிசம்பரில் 'லோட்டஸ் நோட்ஸ்' வெளிவந்தது. 1995-இல் ஐ.பி.எம். நிறுவனம் லோட்டஸை ஏறத்தாழ 350 கோடி டாலருக்கு வாங்கியது. இணையம் உலகெங்கும் பரவி வந்த 1996-இல், உலாவியின் மூலமாகவும் பரிமாறும் திறமை பெற்று, அந்தச் சர்வர் 'டாமினோ' என்ற பெயரைப் பூண்டது.

2018 டிசம்பரில், நம் நாட்டு எச்.சி.எல். நிறுவனம் டாமினோ உள்ளிட்ட சில மென்பொருள்களை ஐ.பி.எம்.மிடமிருந்து 180 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. 2019-இல் அவை கைமாறின. எச்.சி.எல். 1976-இல் தோன்றியது. அதைத் தோற்றுவித்தவர்களில் முதல்வரான ஷிவ் நாடார், தூத்துக்குடி மாவட்டத்து மூலைப்பொழியில் பிறந்து, கோயமுத்தூர் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். அமெரிக்க மாணவர்களின் குறிப்பேட்டிலிருந்து கிளைத்த ஒரு பொருள், நாற்பத்தைந்து வருஷங்களுக்குப் பின் இந்திய ஸ்தாபனம் ஒன்றின் உடைமையானது நமக்கு மகிழ்ச்சி தருவதே. ஆனால் பத்திரம் கைமாறியதனாலே வித்தை கைவந்துவிடாது. அதைப் பிள்ளைகள் உட்கார்ந்து கற்கத்தான் வேண்டும்.

படிவம், ஆவணம், பட்டியல்

எப்படிக் கற்பது? ஒரு பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். அதை அறியாத வீடு தமிழ்நாட்டில் இராது. ஆசிரியர் எழுதுகிறார், தலைமையாசிரியர் பார்க்கிறார், அனுமதிக்கிறார் அல்லது மறுக்கிறார், எழுத்தர் கணக்கில் பதிகிறார். இதையே டாமினோவில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலாவது வேண்டுவது படிவம். பெயர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, காரணம், தலைமையாசிரியர் முடிவு என்று கட்டங்களை அமைக்கவேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அதில் எழுத்து வருமா, எண் வருமா, தேதி வருமா என்று குணம் சொல்லவேண்டும். பிறகு கட்டத்துக்கு மூன்று விதச் சூத்திரங்களைக் கட்டலாம். ஒன்று, படிவம் திறந்தவுடன் இன்றைய தேதியைப் போன்ற ஒன்றைத் தானாக நிரப்பி வைப்பது. இரண்டாவது, எழுதுகிறவர் முன்னும் பின்னும் வீணே விட்ட இடைவெளிகளை நீக்குவது போன்ற திருத்தங்களைச் செய்வது. மூன்றாவது, முடிவுத் தேதி தொடக்கத் தேதிக்கு முந்தியதாயிருந்தால் ஏற்க மறுப்பது. நிரப்பு, திருத்து, மறு என்ற இம்மூன்றையும் எந்தக் கட்டத்துக்கு எப்படி வைப்பது என்று யோசிப்பதிலேயே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது.

படிவத்தை நிரப்பிச் சேமித்தால் கிடைப்பது ஆவணம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பெரும்பாலான தரவுத்தளங்களில் தகவல் என்பது கோடு போட்ட பேரேடு போலிருக்கும். எல்லா வரிசைக்கும் ஒரே மாதிரி நிரல்கள். டாமினோவின் ஆவணங்களோ ஒரு கோப்பில் செருகிய காகிதங்களைப் போன்றவை. ஒன்றில் ஐந்து கட்டங்கள் இருக்கலாம். அடுத்ததில் எட்டு இருக்கலாம். படிவம் என்பது அந்த ஆவணத்தைப் பார்க்கப் போட்டுக்கொள்ளும் மூக்குக்கண்ணாடியே தவிர ஆவணமன்று. அதே ஆவணத்தை ஆசிரியர் ஒரு படிவத்தின் வழியாகவும், எழுத்தர் வேறொரு படிவத்தின் வழியாகவும் பார்க்கலாம். இந்த வேற்றுமையை மனத்தில் வாங்கிக்கொண்ட மாணாக்கன், பின்னாளில் ஆவணமுறைத் தரவுத்தளம் எதைக் கண்டாலும் மருளமாட்டான்.

மூன்றாவது பட்டியல். எந்த ஆவணங்கள் இதில் தோன்றவேண்டும் என்று ஒரு தேர்வுச் சூத்திரம். எந்த வரிசையில் தோன்றவேண்டும் என்று ஓர் ஏற்பாடு. முடிவு எழுதப்படாத விண்ணப்பங்கள் ஒரு பட்டியலில், மாதவாரியாக அனுமதி பெற்றவை வேறொரு பட்டியலில். ஒரே ஆவணம் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்களிலும் காணலாம். ஆனால் இருப்பது ஓர் ஆவணந்தான்.

இவை யாவும், அதாவது படிவங்களும் பட்டியல்களும் எழுதிய ஆவணங்களும், ஒரே கோப்பில் குடியிருக்கின்றன. அக்கோப்பை நகலெடுத்து வேறொரு டாமினோ சர்வரில் வைத்தால் செயலியும் தகவலும் கூடவே போய்விடும்.

இரண்டு பாதைகள் கூடிய ஊர்

இனி அது உலாவியில் எப்படித் தோன்றுகிறது என்பதைச் சொல்லவேண்டும். அதற்கு நம்மூர் ரயில் நிலையத்தையே உவமையாகச் சொல்லலாம்.

சென்னையிலிருந்து சேலம் போகும் அகலப் பாதையில் உள்ளது மொரப்பூர். 1906-இல் இங்கிருந்து தர்மபுரிக்குக் குறுகிய பாதை ஒன்று போட்டார்கள். பிற்பாடு அது ஓசூர் வரையில் நீண்டது. பெரிய வண்டியின் சக்கரம் சின்னத் தண்டவாளத்தில் ஓடாது. ஆகவே பெரிய வண்டியில் வந்த மூட்டையை மொரப்பூரில் இறக்கிச் சின்ன வண்டியில் ஏற்றினால்தான் தர்மபுரிக்குப் போகும். சரக்கு அதுவே, வண்டிதான் வேறு.

டாமினோவும் அத்தகைய சந்திப்பு நிலையம். நோட்ஸ் என்ற அதன் சொந்த மென்பொருளில் திறப்பவருக்கு ஆவணம் ஒரு வடிவில் போகிறது. உலாவியில் திறப்பவருக்கு அதே ஆவணத்தைச் சர்வர் அக்கணமே எச்.டி.எம்.எல். ஆக மாற்றி அனுப்புகிறது. முகவரியின் முடிவில் ஒரு கேள்விக்குறியிட்டு 'ஓப்பன்ஃபார்ம்' என்று சேர்த்தால் வெற்றுப் படிவம் வரும். 'ஓப்பன்வியூ' என்றால் பட்டியல் வரும். 'எடிட்டாக்குமெண்ட்' என்றால் ஆவணம் திருத்துவதற்குத் திறக்கும். முதல் நாளிலேயே கட்டிய படிவத்தை உலாவியில் கண்ணால் பார்த்துவிடலாம் என்பது பயில்கிறவனுக்கு எவ்வளவு உற்சாகம் தரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

ஆனால் மூட்டையை வண்டி மாற்றும்போது சில பண்டங்கள் நசுங்குவதும் உண்டு. நோட்ஸில் அழகாய் நின்ற வரிசை உலாவியில் கோணலாகலாம். அங்கே வேலை செய்த பொத்தான் இங்கே வேலை செய்யாமற் போகலாம். அப்பொழுதுதான் எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்னும் வலையின் பொதுப் பாஷைகளை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் உள்ள வித்தியாசம் தெரியவரும். அறிந்தவன் படிவத்துக்குள் தானே எழுதிச் சீர்ப்படுத்துவான். அறியாதவன் தானாக வந்ததோடு நிற்பான். 2009-இல் 'எக்ஸ்பேஜஸ்' என்ற புதுமுறையும் டாமினோவில் சேர்ந்தது; அதற்கும் இப்பொதுப் பாஷைகளே மூலதனம். ஆகையால் பயிற்சியின் வரிசை இதுவாயிருத்தல் வேண்டும்: பொதுப் பாஷைகள் முன்னே, டாமினோ பின்னே.

உள்ளே வர யாருக்கு உரிமை?

இவ்வளவும் கட்டியாயிற்று. விண்ணப்பத்தில் ஓர் ஆசிரியை தம் நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை யார் யார் படிக்கலாம்? வித்தையின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

டாமினோவில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமைப் பட்டியல் உண்டு. அதில் ஏழு படிகள். உச்சியில் உரிமைகளையே வழங்கக்கூடிய நிர்வாகி. அடுத்துப் படிவங்களை மாற்றக்கூடிய வடிவமைப்பாளர். எவர் ஆவணத்தையும் திருத்தக்கூடியவர். தமக்குரிய ஆவணத்தை மாத்திரம் திருத்தக்கூடியவர். படிக்க மாத்திரம் கூடியவர். ஆறாவதாக, போட மாத்திரம் கூடியவர். கடைசியாக, அனுமதியே இல்லாதவர். ஆறாவது படி நம் கோயில் உண்டியலைப் போன்றது. காசை உள்ளே போடலாம். உள்ளே எவ்வளவு கிடக்கிறதென்று எட்டிப் பார்க்க முடியாது. புகார்ப் பெட்டிக்கு ஏற்றது அப்படியே.

கோப்புக்குள்ளும் ஆவணந்தோறும் தனிப் பூட்டுப் போடலாம். 'இதைப் படிக்கத் தக்கவர் இன்னின்னார்' என்று ஒரு கட்டத்தில் பெயர்களை வைத்தால், மற்றவர் கண்ணுக்கு அந்த ஆவணம் பட்டியலில் கூடத் தோன்றாது. 'இதைத் திருத்தத் தக்கவர் இன்னார்' என்ற கட்டத்தில் முதலில் ஆசிரியையின் பெயர் இருக்கும். அவர் சமர்ப்பித்தவுடன் அப்பெயரை நீக்கித் தலைமையாசிரியர் பெயரை இட்டால், காகிதம் ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்குப் போன கதையாகிவிடும். சமர்ப்பித்த பின் தேதியை மாற்ற ஆசிரியையாலும் இயலாது.

புதிதாகக் கற்பவர்கள் விழும் பள்ளம் இரண்டு. பெயர் சொல்லாமல் இணையத்தின் வழி வருபவரை டாமினோ 'அநானிமஸ்', அதாவது அநாமதேயர், என்று கொள்ளும். உரிமைப் பட்டியலில் அநாமதேயர் என்ற பெயரே எழுதப்படாவிட்டால், 'டிபால்ட்' என்னும் பொதுப் பெயருக்கு என்ன உரிமை தரப்பட்டிருக்கிறதோ அதே உரிமையோடு அவர் உள்ளே வந்துவிடுவார். பொதுப் பெயருக்குப் படிக்கும் உரிமை இருந்துவிட்டால், உலகத்தில் எவர் வேண்டுமானாலும் ஆசிரியையின் நோயைப் படிக்கலாம். ஆகவே முதல் நாளிலேயே அநாமதேயர் பெயரை எழுதி, அனுமதியில்லை என்று குறித்துவிடுவது நன்று.

இரண்டாவது பள்ளம், மறைத்து வைப்பதைப் பூட்டி வைப்பது என்று எண்ணிக்கொள்வது. ஒரு பட்டியலுக்கு வழி காட்டும் இணைப்பைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டால், வழி தெரியாதென்பது மெய். ஆனால் முகவரியை அறிந்தவன் நேரே எழுதி உள்ளே போய்விடலாம். சாவியைத் தோரணத்துக்குள் செருகி வைத்த வீட்டைப் பூட்டிய வீடு என்பார் உண்டோ?

மாணாக்கர் விவரமாயிருந்தால் பொறுப்பு இன்னும் பெரிது. 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொண்டு, அவருடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தை வேண்டுகிறது. செயலி கட்டத் தெரிந்தவன் இச்சட்டத்தின் கருத்தையும் அறிந்திருத்தல் அவசியம்.

காரியஸ்தனும் அவன் அதிகாரமும்

படிவம் திறக்குமுன்பும், சேமிக்குமுன்பும், நள்ளிரவில் யாரும் இல்லாத வேளையிலும் சில வேலைகளைத் தானாகச் செய்ய டாமினோவில் 'ஏஜெண்டு' என்று ஒன்றை எழுதி வைக்கலாம். காரியஸ்தன் என்று நாம் சொல்லலாம். மூன்று நாளாக முடிவு எழுதப்படாத விண்ணப்பங்களைத் தேடித் தலைமையாசிரியருக்கு நினைவூட்டுக் கடிதம் போடுவது அவன் செய்யத் தக்க வேலை. எளிய காரியங்களைச் சூத்திரத்தாலும், கடினமானவற்றை 'லோட்டஸ்ஸ்கிரிப்ட்', 'ஜாவா' என்ற பாஷைகளாலும் எழுதுவார்கள்.

காரியஸ்தன் யாருடைய அதிகாரத்தில் வேலை செய்கிறான் என்பது கவனிக்கத் தக்கது. வலையின் வழி ஓடும்போது, வேறு விதமாகக் குறிப்பிட்டாலொழிய, பொத்தானை அழுத்தியவருடைய அதிகாரத்தில் அவன் ஓடுவதில்லை. அந்த ஏஜெண்டை எழுதிக் கையொப்பமிட்டவருடைய அதிகாரத்தில் ஓடுகிறான். முழு அதிகாரம் உடையவர் அலட்சியமாய் ஒன்றை எழுதி வைத்தால், அற்ப உரிமையுள்ளவரும் அதைப் பயன்படுத்திப் பெரிய காரியத்தைச் செய்துவிடலாம். பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்து அவதிப்பட்ட குடும்பங்களை நம் ஜில்லாவில் அறியாதார் இல்லை. அந்த ஞாபகம் இருந்தாற் போதும், இந்தப் பாடம் மறக்காது.

மாண்ட ஆவணம் மீண்டு வரும் விந்தை

டாமினோவின் தனிப் பெருமை, ஒரே கோப்பின் பிரதிகள் பல இடங்களில் இருந்து, அவ்வப்போது தம்மைத்தாமே ஒப்பிட்டுக்கொள்வது. சித்தேரி மலைமேல் ஒரு பள்ளியும், கீழே ஓர் அலுவலகமும் இருப்பதாக எண்ணிக்கொள்வோம். இரண்டிடத்தும் பிரதி உண்டு. நாள் முழுவதும் இணைப்பு அற்றுப் போனாலும் மேலே உள்ளவர் வேலை நிற்காது. இணைப்பு வந்ததும் புதியனவும் மாறியனவும் மாத்திரம் இங்குமங்கும் போய்ச் சேரும். ஒவ்வோர் ஆவணத்துக்கும் முப்பத்திரண்டு இலக்கம் கொண்ட தனி அடையாளம் இருப்பதனால், இது அதன் பிரதி என்று சர்வர் அறிந்துகொள்கிறது.

ஒரே ஆவணத்தை மேலேயும் கீழேயும் ஒரே காலத்தில் இருவர் திருத்திவிட்டால் என் செய்வது? டாமினோ ஒன்றை முதன்மையாக வைத்து, மற்றதை 'முரண்' என்று குறித்து அதன் கீழே நிறுத்தும். எதையும் தூக்கி எறியாது. எது சரி என்பதை மனிதர்தாம் பார்த்துத் தீர்க்கவேண்டும்.

அழித்தலில் இருக்கிறது விந்தை. ஆவணத்தை அழித்தால் அதன் இடத்தில் ஒரு சிறு அடையாளக் கட்டை நிற்கும். 'இது அழிந்தது' என்று மற்றப் பிரதிகளுக்குச் சொல்லுவதற்காக நிற்பது அது. சாதாரண ஏற்பாட்டில், சுமார் 90 நாள் சென்றபின் அக்கட்டையும் துடைக்கப்பட்டுவிடும். நாலு மாதம் ஒப்பிடப்படாமல் ஒரு பிரதி எங்கேயோ கிடந்து, பிறகு வந்து சேர்ந்தால், அங்கே இன்னும் இருக்கிற அந்த ஆவணம் புதியது போல் எல்லாப் பிரதிகளிலும் மீண்டும் நுழைந்துவிடும். ஈமக்கடன் கழித்துவிட்டோம் என்று எண்ணியிருக்க, ஆள் திண்ணையில் வந்து உட்கார்ந்திருப்பது போன்ற சமாசாரம்! இந்த ஒரு விஷயத்தைச் சிந்தித்தவனுக்கு, உலகத்தில் எங்கு பிரதிகள் இருந்தாலும் அழித்தல் என்பது எழுதுதலைக் காட்டிலும் கடினம் என்பது விளங்கிவிடும்.

நம் அகரவரிசை

தமிழ்ப் பிள்ளைக்கு மற்றொரு பாடமும் காத்திருக்கிறது. பெயர்ப் பட்டியலைத் தமிழில் வைத்து, யூனிகோடு எண்களின் வரிசைப்படியே அடுக்கிப் பாருங்கள். நம் நெடுங்கணக்கில் 'வ' முன்னும் 'ழ' பின்னும் வரும். யூனிகோடு எண்களிலோ 'ழ' முன், 'வ' பின். 'ந'வை அடுத்து 'ன' நிற்கும். 'ர'வை அடுத்து 'ற' நிற்கும். எண்ணை நம்பி அடுக்கினால் பட்டியல் நம் கண்ணுக்குப் பிழையாகவே தோன்றும். தமிழ் முறைப்படி அடுக்க ஏற்பாடு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையாயின் ஒவ்வொரு பெயருக்கும் மறைவாக ஒரு வரிசைக் குறியை ஆக்கி அதன்படி அடுக்கவேண்டும். ஆங்கிலத்தில் மாத்திரம் பயின்றவனுக்கு இந்தப் பிரச்சினை இருப்பதே தெரியாது. தர்மபுரி ஜில்லாவில் ஓர் அலுவலகத்துக்குச் செயலி கட்டப் போகிறவனுக்கோ இது முதல் வாரத்திலேயே வந்து நிற்கும்.

கற்கலாமா, கூடாதா?

இனிக் கேள்விக்கு வருவோம். மறைக்காமல் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. நோட்ஸையும் டாமினோவையும் ஒரு காலத்தில் பயன்படுத்திய பல கம்பெனிகள் மைக்ரோஸாப்ட், கூகிள் முதலியவற்றின் சாதனங்களுக்கு மாறிவிட்டன. ஆயினும் பழைய ஸ்தாபனங்கள் பலவற்றில், வருஷக்கணக்காகக் கட்டிய டாமினோச் செயலிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பேணவும் ஆள் வேண்டும். அவற்றிலுள்ள தகவலைச் சிதறாமல் புதிய இடத்துக்குக் கொண்டு போகவும் ஆள் வேண்டும். எச்.சி.எல்.லும் புதிய பதிப்புகளை வெளியிட்டு வந்திருக்கிறது; 2023 டிசம்பரில் பதினான்காம் பதிப்பு வந்தது. வேலை இருக்கிறது, ஆனால் பொதுவான வலைத் தொழிலில் இருக்கும் அளவுக்கு இல்லை.

ஆகையால் நாம் சொல்வது இது. டாமினோ ஒன்றை மாத்திரம் நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவது வேண்டாம். வலையின் பொதுப் பாஷைகளை அறிந்த பிள்ளைக்கு இரண்டாவது பாடமாக வந்தால் தாராளமாய்க் கற்கட்டும். தமிழ்நாட்டு அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் மூலம் என்ன கிடைக்கும் என்று பள்ளியில் கேளுங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்களைப் பயிற்சியளித்து வேலைக்கு எடுத்துக்கொள்ள எச்.சி.எல். நடத்தி வந்திருக்கும் 'டெக்பீ' போன்ற ஏற்பாடுகளின் நிபந்தனைகளையும் நேரே படித்துப் பாருங்கள். இவற்றையெல்லாம் விசாரித்த பிறகே பயிற்சி நிலையத்தின் வாயிற்படியை மிதியுங்கள். அங்கே, "பாடம் முடிந்ததும் என் பிள்ளை தானே கட்டிய செயலி ஒன்றைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். சான்றிதழைப் பற்றி மாத்திரம் மறுமொழி வந்தால் வணக்கம் சொல்லித் திரும்பிவிடுங்கள்.

மேலே சொன்ன சின்னப் பாதையின் முடிவையும் இங்கே சொல்லிவிடுகிறோம். 1941-இல், யுத்த காலத்தில், அது மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. அந்தப் பாதையின் வளைவு நெளிவுகளை மாத்திரம் அறிந்திருந்தவனுக்கு அவ்வறிவு அன்றோடு செலவாகிவிட்டது. சரக்கை எடை போடவும், ரசீது எழுதவும், எந்த மூட்டை யாருடையதென்று பிழையின்றிச் சேர்ப்பிக்கவும் அறிந்தவனுக்கோ எந்த நிலையத்திலும் அது பயன்படும். டாமினோவின் பொத்தான்கள் இருக்கும் இடம் பதிப்புக்குப் பதிப்பு மாறும். எந்தத் தகவலை எங்கே வைப்பது, யார் எழுதலாம், யார் படிக்கலாம், இரண்டு பிரதி முரண்பட்டால் எதை ஏற்பது என்ற விவேகம் மாறாது. கட்டணம் கொடுத்து வாங்கத் தக்க சரக்கு அதுவே.

அந்த விவேகம் தம் பிள்ளைக்கு வருமா என்று சோதிக்க, பெற்றோர்களுக்குக் காசில்லாத வழி ஒன்று இருக்கிறது. ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, "உங்கள் பள்ளிக்கூடத்து விடுப்பு விண்ணப்பம் எழுதியது முதல் முடிகிற வரை யார் யார் கைக்குப் போகிறது? ஒவ்வொருவரும் அதில் எதை மாற்றலாம்? யார் அதைப் பார்க்கவே கூடாது? தொலைந்து போனால் எப்படித் தெரியும்?" என்று எழுதி வரச் சொல்லுங்கள். கணினி வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். ஒரு மாலைப்பொழுது அதோடு மல்லாடி, அடித்துத் திருத்தி, மறுநாள் தானாகவே வந்து, "ஒன்றை விட்டுவிட்டேன், அப்பா" என்று சொல்லும் பிள்ளையை எந்தச் சர்வரிலும் துணிந்து பழகவிடலாம்.